பெரியவர் வேலையையும் தட்டிப் பார்

பிள்ளைகளே,

நம் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் சின்ன வயதிலேயே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: பெரியவர்கள் செய்தால் சரியாகத்தான் இருக்கும், குறுக்கே கேள்வி கேட்காதே. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். நானே அந்தப் பெரியவர் ஆகிவிட்டேன். அந்தப் பாடத்தால் லாபம் பார்க்கக்கூடிய இடத்தில் உட்கார்ந்துகொண்டே சொல்கிறேன், அது அரைப் பாடம். மீதி அரையை, இன்ஜின் இல்லாத ஒரு பழைய மர விமானத்தின் வயிற்றுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு கற்றேன்.

எங்கள் அப்பா வலங்கைமானில் தச்சர். குடமுருட்டிக் கரையோரம் மாட்டு வண்டிக்குச் சக்கரம் கட்டிக் கொடுப்பார். இழைப்புளியும் உளியும் எனக்குக் கைக்கு வந்தது அந்தப் பட்டறையில். வண்டிகள் குறைந்து டிராக்டர்கள் வந்த பிறகு பிழைப்புக்கு வெளியூர் போனேன். தூரத்து ஊர் ஒன்றில் பறக்கும் மன்றத்தின் ஹேங்கரில் மரவேலைக்கு ஆள் தேடினார்கள். விமானத்துக்கும் தச்சனுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். அங்கே ஒரு மூலையில், மேலே தார்ப்பாய் போட்டு, தூசி படிந்து ரோகிணி கிடந்தது.

ரோகிணி யார்?

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020-ல் சுகோய்-30 படைப்பிரிவு வந்ததிலிருந்து, வயலில் நிற்கிற நீங்கள் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்க்கிறீர்கள். ரோகிணி ஒரு கிளைடர், இன்ஜின் இல்லாத விமானம்; அதற்கு அந்தச் சத்தமே கிடையாது. தரையில் நிற்கும் வின்ச் ஒரு நீண்ட கம்பிக் கயிற்றை வேகமாகச் சுருட்டும். பட்டம் ஏறுவதுபோல் கிளைடர் ஏறும். சில நூறு மீட்டர் உயரத்தில் விமானி கயிற்றைக் கழற்றிவிடுவார். அதற்குப் பிறகு காற்றும் அவரும்தான். பயிற்சிக் கிளைடர் ஒன்றை ஒரு கிலோமீட்டர் உயரத்தில் விட்டால், காற்றில்லாத நாளில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சறுக்கிப் போகும். நம் வலங்கைமானுக்கு மேலே விட்டால் கும்பகோணத்தைத் தாண்டிப் போய் இறங்கலாம். வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்று கிடைத்தால் இறங்காமல் ஏறவும் செய்யும். அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயலுக்கு மேலே பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டமிடுகிறதே, அது அந்தக் காற்றில்தான். கிளைடர் விமானிகள் பருந்தைப் பார்த்துத்தான் போவார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசின் சிவில் விமானப் போக்குவரத்துத் துறை, தில்லி சப்தர்ஜங்கில் இருந்த தன் தொழில்நுட்ப மையத்தில் கிளைடர்களைச் சொந்தமாக வடிவமைத்தது. 1958-ல் அசுவினி பறந்தது. அப்புறம் ரோகிணி, கார்த்திக், மிருகசீர், ஆர்த்ரா என்று நட்சத்திரப் பெயர்களாக வந்தன. இந்தக் குடும்பத்தில் பலவற்றை வடிவமைத்தவர் எஸ். ராமாமிர்தம். ரோகிணியின் முதல் பறப்பு 1961 மே மாதம். ஆசிரியரும் மாணவரும் அருகருகே உட்காரும் மரக் கிளைடர் அது. நூற்றுக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டு நாட்டின் பல மன்றங்களுக்குப் போயின. வானத்தில் முதல்முதல் கைப்பிடி பிடித்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுதான் பால்வாடி.

எங்கள் ரோகிணி பல வருஷம் பறக்கவில்லை. அதை மறுபடி பறக்கவிட மன்றம் முடிவு செய்தது. பொறுப்பு எங்கள் மிஸ்திரியிடம் வந்தது. அவரிடம்தான் நான் வேலை கற்றேன்.

தட்டினால் தெரியும்

பங்குனி இரண்டாம் ஞாயிறு நம் மாரியம்மன் கோயிலில் பாடைக் காவடி பார்த்திருப்பீர்கள். நோயில் கிடந்து பிழைத்தவரைப் பாடையில் படுக்கவைத்து, முன்னால் தீச்சட்டி தூக்கி, பிணத்துக்குச் செய்வதெல்லாம் செய்து கோயிலைச் சுற்றி வந்து எழுப்புவார்கள். பழைய கிளைடரைப் புதுப்பிப்பதும் இப்படித்தான் ஆரம்பிக்கும். முதலில் அது செத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உயிர் இருக்கிறது என்பதை ஒவ்வொரு துண்டும் தானே நிரூபிக்க வேண்டும்.

மிஸ்திரி முதலில் உளியைத் தொடவே இல்லை. விரல் முட்டியால் இறக்கையைத் தட்டிக்கொண்டே போனார். கிளைடர் இறக்கையின் முன்பாதி, ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கனமே உள்ள பிளைவுட் தோல். உள்ளே இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதுகெலும்பு ஸ்பார். அதில் வரிசையாக நிற்கும் விலா எலும்புகள் ரிப். பின்பாதி முழுக்க துணி. ஒட்டு நன்றாக இருக்கும் இடத்தில் தட்டினால் கணீரென்று கேட்கும். ஒட்டு விட்ட இடத்தில் சத்தம் செத்துக் கேட்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். காது பொய் சொல்லாது.

பிறகு இறக்கையின் அடிப்பக்கத்தைக் காட்டினார். அறைக்கு அறை சின்னச் சின்ன ஓட்டைகள். உள்ளே வேர்க்கும் ஈரம் வடிந்துபோவதற்காக வைத்தவை. யாரோ ஒரு காலத்தில் அழகாக இருக்கட்டும் என்று பெயின்ட் அடித்து அதில் சிலவற்றை அடைத்திருந்தார்கள். அந்த அறைகளைத் திறந்தபோது மரம் கறுத்து, நகத்தால் கீறினால் பொடியாக வந்தது. ஓட்டை திறந்திருந்த அறைகளில் மரம் நேற்று இழைத்ததுபோல் வெளுப்பாக இருந்தது. ஒரே இறக்கை, ஒரே மழை, ஒரே வயது.

வீட்டில், வேலையிடத்தில், மனசுக்குள் ஈரம் சேராமல் யாராலும் இருக்க முடியாது. அது வடிய வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கேள்வி கேட்கிற வாயை அடைப்பதும் அந்த ஓட்டையில் பெயின்ட் அடிப்பதும் எனக்கு ஒரே வேலையாகத்தான் படுகிறது.

மரம் கிழிய வேண்டும், ஒட்டு பிரியக் கூடாது

அழுகிய பகுதியை வெட்டி எடுத்து நல்ல மரத்தை ஒட்டவேண்டும். இரண்டு பலகைகளை முனைக்கு முனை வைத்து ஒட்டினால் நிற்காது. இரண்டு முனைகளையும் நீண்ட சரிவாக இழைத்து, ஒன்றின்மேல் ஒன்று படியவைக்க வேண்டும். பிளைவுட்டில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் சரிவு. வண்டிச் சக்கரம் செய்த கைக்கு அது ஊசியில் நூல் கோர்க்கிற வேலை. மழைக்காலத்தில் மரமே ஈரத்தைக் குடித்திருக்கும். அப்படியே ஒட்டினால் பசை பிடிக்காது. காயும்வரை காத்திருந்தோம். அவசரம் என்று மன்றத்துக் காரியதரிசி வந்து நின்றபோதும் மிஸ்திரி அசையவில்லை.

ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் கொஞ்சம் எடுத்து இரண்டு துண்டு மரத்தை ஒட்டி, தேதி எழுதித் தனியே வைப்பார். காய்ந்த பிறகு அதைக் கிடுக்கியில் பிடித்து உடைப்போம். உடைந்த இடத்தில் மரத்தின் நார் கிழிந்திருந்தால் ஒட்டு ஜெயித்தது. பசைக்கோட்டில் சுத்தமாகப் பிரிந்திருந்தால் அன்றைக்கு அந்தப் பசையால் ஒட்டியதையெல்லாம் பிரிக்கவேண்டியதுதான். எத்தனை வருஷம் அனுபவம் இருந்தாலும் சரி, அன்றைய பசைக்கு அன்றைய சோதனை. நேற்றைய நல்ல பெயர் இன்றைய பசையை ஒட்டவைக்காது.

இதில் ஒரு பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்களிடம் மஸ்கிட்டோ என்ற மர விமானம் இருந்தது. வேகத்துக்குப் பேர்போனது. 1944 கடைசியில் இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்தவை சில, இறக்கை பிய்ந்து விழுந்தன. அந்த வருஷம் நவம்பரில் இங்கே இருந்தவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்தி வைத்தார்கள். முதல் சந்தேகம் யார்மேல் விழுந்தது தெரியுமா? நம் நாட்டு வெயில்மேலும் மழைமேலும்! சூட்டிலும் ஈரத்திலும் பசை தாங்கவில்லை என்றார்கள். பிறகு உடைந்த பாகங்களை நிதானமாக ஆராய்ந்தவர்கள், ஒட்டுகளிலேயே இடைவெளி இருந்ததைக் கண்டார்கள். தொழிற்சாலையில் இணைத்தபோதே சரியாகப் படியவில்லை. இங்கிலாந்தை விட்டு வெளியே போகாத, நம் வெயிலைப் பார்த்தே இராத மஸ்கிட்டோக்களைத் திறந்து பார்த்தார்கள். அவற்றிலும் அதே குறை.

ஈரம் பசைக்கு எதிரி என்பது உண்மைதான். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பழி கிடைத்தவுடன் அதோடு தேடுவதை நிறுத்தியிருந்தால் இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்களோ. ‘காலம் சரியில்லை’, ‘ஊர் சரியில்லை’ என்று சொல்லத் தோன்றும்போதெல்லாம், வெயில் படாத ஒன்றையும் திறந்து பாருங்கள்.

காதில் இருந்த பென்சில்

மரவேலை முடிந்து துணி போர்த்தும் நாள் வந்தது. இறக்கைமேல் பருத்தித் துணியை இழுத்துக் கட்டி, ரிப்போடு சேர்த்துத் தைத்து, டோப் என்கிற மருந்தைப் பூசுவார்கள். காயக்காய அது துணியைச் சுருக்கி மத்தளம்போல் விறைக்க வைக்கும். ஒருமுறை போர்த்திவிட்டால் உள்ளே இருப்பதைத் திரும்ப யாரும் லேசில் பார்க்க முடியாது. அதனால் போர்த்துவதற்கு முன் பரிசோதனை என்பது விதி. உரிமம் பெற்ற இன்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

அவர் வருவதற்கு முன்னாலேயே மிஸ்திரி ஒரு காரியம் செய்வார். ஹேங்கரிலேயே வயதில் சின்னவனை, ஐ.டி.ஐ. முடித்து வந்திருந்த பையனைக் கூப்பிட்டு, டார்ச்சும் கைக்கண்ணாடியும் கொடுத்து, “நான் செஞ்சதுல என்ன தப்புன்னு பார்த்துச் சொல்லு” என்பார். ‘தப்பு இருக்கா’ என்று கேட்கமாட்டார். ‘என்ன தப்பு’ என்றுதான் கேட்பார். தப்பு இருக்கா என்று கேட்டால், எந்தச் சின்னப் பையனும் இல்லை என்றுதானே சொல்வான்?

பையன் ஒவ்வொரு அறையாகத் தலையை விட்டுப் பார்த்தான். எங்களுக்கு அலுப்பு. துணி வெட்டி வைத்தாயிற்று, டோப் கலக்கணும். “உள்ளே ஏதோ கிடக்கு சார்” என்றான். கையை விட்டு எடுத்தான். சப்பையான தச்சுப் பென்சில். எல்லோரும் மிஸ்திரியைப் பார்த்தோம். அவர் காதைத் தொட்டுப் பார்த்தார்; எப்போதும் அங்கே செருகியிருக்கும் பென்சில் இல்லை.

ஒரு பென்சில்தானே என்று நினைக்காதீர்கள். பறக்கும்போது அது உருண்டு போய், விமானத்தைச் சாய்க்கும் எய்லரான் பலகையை அசைக்கும் நெம்புகோலுக்கு நடுவே சிக்கினால் கைப்பிடி நகராது. வானத்தில் இறங்கி நின்று எடுத்துவிட்டு ஏற முடியாது.

சிலருக்கு அந்த இடத்தில் கோபம் வந்திருக்கும். ‘நீ என்னடா எனக்குச் சொல்றது’ என்று இல்லாவிட்டாலும், சிரித்து மழுப்பியாவது இருப்பார்கள். மிஸ்திரி லாக் புத்தகத்தை எடுத்தார். உள்ளே கிடந்த பொருள், கிடந்த இடம், கண்டுபிடித்தவர் பெயர் எல்லாவற்றையும் தன் கையால் எழுதினார். விட்டவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். பிறகு பையனைப் பார்த்து, “அடுத்த இறக்கையையும் நீதான் பார்க்கணும்” என்றார். அன்றிலிருந்து அந்த ஹேங்கரில் யாரும் காதில் பென்சில் செருகவில்லை. கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டோம்.

அதற்கு முன்னாலும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அது அவருடைய கைத்திறனுக்கு. இந்த மரியாதை வேறு மாதிரி. இவர் ‘சரியாக இருக்கிறது’ என்றால் தைரியமாக ஏறி உட்காரலாம் என்ற நம்பிக்கை அன்றுதான் வந்தது. பிசகே செய்யாதவர் என்பதால் வந்த நம்பிக்கை இல்லை. பிசகினால் கண்டுபிடிக்க வழி வைத்திருப்பவர் என்பதால் வந்தது.

பிடித்துத் தடுப்பவர்

எல்லாம் பூட்டி முடித்த பிறகு கடைசிச் சோதனை ஒன்று. விமானத்தைத் திருப்பும், சாய்க்கும், ஏற்றி இறக்கும் பாகங்களை ஒருவர் மாட்டினால், அவர் சரிபார்த்தது போதாது. சம்பந்தப்படாத இன்னொருவர் தனியே மறுபடி பார்க்க வேண்டும். இது உலகம் முழுக்க விமானத் தொழிலில் உள்ள வழக்கம். எய்லரான் கம்பியை மாற்றி மாட்டிவிட்டால், வலப்பக்கம் சாய்க்க நினைத்துக் கைப்பிடியைத் தள்ளும்போது விமானம் இடப்பக்கம் சாயும். மாட்டியவர் கண்ணுக்கு அது சரியாகவே தெரியும், ஏனென்றால் அவர் மனசில் இருக்கும் படமே அதுதான்.

கிளைடரில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை அசைப்பார். இன்னொருவர் வெளியே இறக்கை ஓரத்தில் நின்று எய்லரானைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையவிடாமல் தடுப்பார். சும்மா ஆட்டிப் பார்த்தால் சரியாகப் பூட்டாத இணைப்புகூட அசைந்து ஏமாற்றிவிடும். தடுத்துப் பிடித்தால்தான் பூட்டு உண்மையில் பிடித்திருக்கிறதா என்று தெரியும். தடுக்கிறவர் உள்ளே இருப்பவருக்கு விரோதி இல்லை. அவர் உயிரோடு இறங்கவேண்டும் என்றுதான் தடுக்கிறார்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்க்காரர் ஒருவர் நினைவுக்கு வருவார். மகாகனம் சீனிவாச சாஸ்திரி, வலங்கைமானில் 1869 செப்டம்பர் 22-ல் பிறந்தவர். காந்தி அவரைவிடப் பத்து நாள் இளையவர்; அண்ணா என்றே அவரை நினைத்தார். அரசியலில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒத்துழையாமை இயக்கம் தப்பு என்று சாஸ்திரி வெளிப்படையாகச் சொன்னார். காங்கிரசை விட்டு விலகி லிபரல் கட்சியில் இருந்தார். ஆனாலும் காந்தியின் சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, அதைத் திருத்திக் கொடுத்தவர் இவர்தான். தன் பெயரை வெளியிடக் கூடாது என்று நிபந்தனை போட்டுக்கொண்டு செய்தார். தேசாய் தன் முன்னுரையில் மரியாதைக்குரிய நண்பர் என்று மட்டும் எழுதி நன்றி சொன்னார்; அது யார் என்பது பின்னால்தான் உலகுக்குத் தெரிந்தது. 1946-ல் சாஸ்திரி சென்னையில் நோய்வாய்ப்பட்டுக் கிடந்தபோது காந்தி போய்ப் பார்த்தார்.

யோசித்துப் பாருங்கள். தன்னை எதிர்க்கிறவரிடம் தன் வாழ்க்கைக் கதையைத் திருத்தக் கொடுக்க ஒருவருக்கு எவ்வளவு திடம் வேண்டும்? தான் எதிர்க்கிறவரின் எழுத்துப் பழுதில்லாமல் போகவேண்டும் என்று உழைக்க இன்னொருவருக்கு எவ்வளவு பெருந்தன்மை வேண்டும்? சுற்றி ஆமாம் போடும் கூட்டம் இருவருக்குமே இருந்தது. பிடித்துத் தடுக்கும் கை அபூர்வம், கிடைத்தால் விடாதீர்கள்.

உங்களுக்கு

ரோகிணி பறந்தது. மன்றத்தின் மூத்த பயிற்சியாளர் முதலில் தனியாக எடுத்துப் போய்ச் சுற்றி வந்து இறக்கினார். அடுத்த வாரங்களில் மாணவர்கள் பறந்தார்கள். நானும் ஒருநாள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனேன். என் கையால் ஒட்டிய இறக்கை என்பதால் வாங்கிய சம்பளத்தைவிட அது பெரிசாகத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டியது அதற்கு முந்தின வேலைதான்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறேன் என்று ஒருவர் வருவார். மாமாவுக்கு வேண்டியவர் என்பார்கள். மரியாதையாக உட்காரவைத்துக் காபி கொடுங்கள். பணம் கொடுக்குமுன் அவருக்கு மத்திய அரசின் பதிவு இருக்கிறதா என்று இமைக்ரேட் தளத்தில் பாருங்கள். நிலப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். நீட்டுவது பெரியப்பாவாகவே இருக்கட்டும். வில்லங்கச் சான்று எடுத்து வரிவரியாகப் படித்துவிட்டுப் போடுங்கள். நம் ஊரில் வெடிப் பட்டறை வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறீர்கள். மருந்து கையாளும் இடத்தில் ஒன்று சரியில்லை என்று பட்டுக் கேட்கிறீர்கள். ‘முப்பது வருஷமா இப்படித்தான் செய்யறோம்’ என்று பதில் வருகிறது. அது பதில் இல்லை. முப்பது வருஷம் பறந்த இறக்கைக்குள்ளும் அழுகல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்பதற்கும் முறை உண்டு. வேலையைத் தட்டுங்கள், ஆளைத் தட்டாதீர்கள். ‘நீங்க தப்பா செஞ்சிருக்கீங்க’ என்பது ஒன்று. ‘இந்த இடத்துல சத்தம் வேற மாதிரி கேக்குதுங்க’ என்பது வேறு. பையன் ‘உங்க பென்சிலை விட்டுட்டீங்க’ என்று சொல்லவில்லை; ‘உள்ளே ஏதோ கிடக்கு’ என்றான். துணி போர்த்துவதற்கு முன் சொல்லுங்கள். போர்த்தி டோப் பூசிய பிறகு, ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று சொல்கிறவனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. நான்கு பேர் முன்னால் சொல்லவேண்டாம் என்று தோன்றினால் தனியாகச் சொல்லுங்கள். ஆனால் சொல்லாமல் விடாதீர்கள்.

உங்கள் வேலையையும் காட்டுங்கள். உங்களைவிடச் சின்னவர் கையில் டார்ச்சைக் கொடுத்து, என்ன தப்பு என்று கேளுங்கள். முதல்முறை காது சூடாகும். பழகிவிட்டால், யாரும் பார்க்காத வேலையில் பேர் போடுவதற்குத்தான் பயம் வரும்.

ஊரில் என்னைப் போன்ற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் கேள்வி கேட்டால் அது மரியாதைக் குறைவு என்று எண்ண வேண்டாம். நாம் செய்து வைத்த இறக்கையில்தான் அவர்கள் ஏறிப் பறக்கப் போகிறார்கள். தட்டிப் பார்க்க அவர்களைவிட உரிமை உள்ளவர் யார்?

இந்தக் கட்டுரையில் வருஷங்களும் பெயர்களும் சொல்லியிருக்கிறேன். நூலகத்துக்குப் போய் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஏதாவது பிசகியிருந்தால் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். சொன்னவர் பேரோடு எழுதி வைத்துக்கொள்ள என்னிடம் இன்னும் ஒரு லாக் புத்தகம் இருக்கிறது.